ஸ்பெயின் பாரில் மரியாதை குறையாமல் காபி, ஜூஸ், பீர் கேட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஸ்பெயினில் தெருவுக்குத் தெரு 'பார்' என்று பலகை தொங்கும். பார்த்ததும் ஒதுங்கிப் போய்விடாதீர்கள். நம் ஊரில் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வாடை அங்கே கிடையாது. பள்ளிக்குப் போகும் வழியில் பிள்ளைக்குச் சாக்லேட் பாலும் ரொட்டியும் வாங்கித் தரும் அம்மா, பத்தரை மணிக்கு இரண்டாவது காபிக்கு எழுந்து வரும் அலுவலகக்காரர், பிற்பகலில் சீட்டாடும் தாத்தாக்கள், இரவில் பீரோடு அரட்டை அடிக்கும் இளைஞர்கள், எல்லோருக்கும் அதே இடம்தான். மதுவைத் தொடாதவர்களும் தாராளமாக உள்ளே போகலாம். காலை முழுக்க அங்கே ஓயாமல் ஓடுவது காபி மெஷின்தான்.

படிக்கவோ வேலைக்கோ சுற்றிப் பார்க்கவோ ஸ்பெயினுக்குப் போகிற தமிழர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் ஸ்பானிஷ் கற்கிறார்கள். அதனால் ஆங்கிலத்தின் மரியாதையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்: வாக்கியத்துக்கு ஒரு 'ப்ளீஸ்', வரிக்கு ஒரு 'தேங்க் யூ', 'கிடைக்குமா, முடியுமா' என்று சுற்றி வளைத்த கேள்விகள். ஸ்பெயின்காரர்கள் மரியாதையை வைத்திருக்கும் இடம் வேறு. நுழையும்போது சொல்லும் வணக்கம், தன் முறை வரும்வரை காத்திருப்பது, பானத்தைக் கேள்வியாகக் கேட்பது, கிளம்பும்போது சொல்லிக்கொண்டு போவது. இந்த நான்கும் சரியாக இருந்தால் நடுவில் இலக்கணம் தடுமாறினாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். நான்கையும் விட்டுவிட்டு இலக்கணச் சுத்தமாகப் பேசினால்தான் முகம் சுளிப்பார்கள்.

தொடங்கும் முன்: நாக்குக்குக் கொஞ்சம் பயிற்சி

தமிழ் நாக்குக்கு ஸ்பானிஷ் வசதியான மொழி. அவர்களுடைய 'த' நம் 'தமிழ்' என்பதில் வரும் த. ஆங்கிலத்தின் ட இல்லை. சிவப்பு வைனை 'டின்டோ' என்று சொன்னால் ஆங்கில வாடை அடிக்கும். நம் ஞ அவர்களிடம் அப்படியே இருக்கிறது. இரண்டு உயிர் ஒலிகளுக்கு நடுவே அவர்களுடைய 'டி' (d), 'ஜி' (g) எழுத்துகள் 'அது', 'அகம்' என்பதில் வரும் த, க போலவே மெலிந்து வரும். எழுத்தில் 'எச்' இருந்தாலும் ஒலிக்காது. 'ஜே' என்ற எழுத்து தொண்டையிலிருந்து வரும் ஹ. இரட்டை 'எல்' பெரும்பாலும் ய.

நமக்குச் சிக்கல் வரும் இடம் ஒன்றே ஒன்று. மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினத்தைத் தமிழில் இளக்கித்தான் சொல்வோம்: பந்து, சங்கு, பாம்பு. ஸ்பானிஷில் அப்படி இளக்கினால் வேறு எழுத்தாகிவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் தின்த்தோ, குவென்த்தா, பிளான்க்கோ என்று வல்லினத்தை அழுத்தி எழுதியிருக்கிறேன். அங்கே த், க் ஆகியவற்றைக் கடினமாகவே சொல்லுங்கள். 'ந்த' என்று எழுதியிருந்தால் பந்து போல இளக்கலாம்.

நம் எழுத்து பிரித்துக் காட்டாத இன்னொன்று: 'புவேனாஸ்' என்பதில் வருவது புத்தர் என்பதன் பு. 'புவேதாஸ்' என்பதில் வருவது புளி என்பதன் பு. சொல்லின் தொடக்கத்தில் 'வி' என்ற எழுத்து வந்தாலும் அது பீரோ என்பதன் பீ போல ஒலிக்கும். வைன் அங்கே 'பீனோ'.

மத்ரித் பக்கம் சில 'ச' ஒலிகளை நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். அந்தலூசியாவின் பல பகுதிகளிலும் லத்தீன் அமெரிக்கா முழுவதும் வெறும் 'ஸ'தான். நீங்கள் 'செர்வேசா' என்று சொன்னால் எந்த ஊரிலும் பீர் வரும்.

முதல் படி: வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்

கதவைத் தாண்டியதும் 'ஓலா, புவேனாஸ்' என்று சொல்லுங்கள். யாரையும் குறிப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்கே பொதுவாகச் சொல்வது. உள்ளே நிற்கிற இரண்டு பேர் திரும்பிப் பார்த்து 'புவேனாஸ்' என்று பதில் சொன்னாலும் ஆச்சரியப்பட வேண்டாம். காலையில் 'புவேனோஸ் தீயாஸ்', மதிய உணவுக்குப் பின் 'புவேனாஸ் தார்தெஸ்', இருட்டிய பின் 'புவேனாஸ் நோச்செஸ்'. அங்கே மதிய உணவு இரண்டு மணிக்கு மேல்தான் என்பதால் ஒன்றரை மணிக்குக்கூடச் சிலர் 'புவேனோஸ் தீயாஸ்' என்பார்கள். குழப்பமாக இருந்தால் வெறும் 'புவேனாஸ்' எந்த நேரத்துக்கும் பொருந்தும்.

பார்சலோனாவில் இதையே காத்தலான் மொழியில் 'போன் தீயா' என்றும், சான் செபாஸ்தியான், பில்பாவோ பக்கம் பாஸ்க் மொழியில் 'காய்ஷோ' என்றும் சொன்னால் எதிரிலிருப்பவர் முகம் சட்டென்று மலரும். அதன்பின் ஸ்பானிஷில் தொடரலாம். வந்த ஊரின் மொழிக்கு ஒரு சொல் இடம் கொடுப்பது நமக்குப் புரியாத மரியாதையா என்ன.

இரண்டாம் படி: பார்வையால் கூப்பிடுங்கள்

நீளமான கல்லாப்பலகை போல இருக்கும் மேடைக்குப் பெயர் 'பார்ரா'. அங்கே வரிசை என்று எதுவும் தெரியாது. ஆனால் யார் முதலில் வந்தார், யார் அடுத்தவர் என்ற கணக்கு உள்ளே நிற்பவர் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். பார்ராவின் ஓரத்தில் இடம் பிடித்து நில்லுங்கள், அவரைப் பாருங்கள். கண்ணும் கண்ணும் சந்தித்துவிட்டால் போதும். கை நிறைய வேலை இருந்தாலும் புருவத்தை உயர்த்தியோ 'ஆவோரா மீஸ்மோ' (இதோ வந்துட்டேன்) என்றோ காட்டிவிடுவார்.

அவர் பார்க்கவே இல்லை என்றால், கையைத் தோளுயரத்துக்குக் கொஞ்சம் தூக்கி 'பெர்தோனா' என்று சொல்லுங்கள். மன்னிக்கணும் என்று பொருள். அதோடு 'குவாந்தோ புவேதாஸ்' சேர்த்தால் இன்னும் அழகு: 'உங்களுக்கு எப்ப முடியுதோ அப்ப.' இந்த வழிகாட்டியிலிருந்து ஒரே ஒரு தொடரை மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். அவசரமில்லை, உங்கள் வேலை எனக்குத் தெரிகிறது என்பதை இரண்டே சொல்லில் சொல்லிவிடுகிறது. எந்த 'ப்ளீஸ்' போட்டாலும் இந்த அளவுக்கு வேலை செய்யாது.

விரல் சொடுக்குவது, விசிலடிப்பது, 'ச்சு' கொட்டிக் கூப்பிடுவது கூடாது. 'கமரேரோ!' என்று தொழிலின் பெயரைச் சொல்லிக் கத்துவதும் இன்று கரடுமுரடாகவே படும்.

மூன்றாம் படி: கேட்கும் விதம்

உங்கள் முறை வந்ததும் அவரே கேட்பார்: 'கே தே போங்கோ?' (என்ன போடட்டும்?) சிலர் ஒரே சொல்லில் 'தீமே' என்பார்கள். 'சொல்லு' என்று அர்த்தம். அதட்டுகிறாரோ என்று தோன்றும். இல்லை, அங்கே அது சாதாரணம். நடுவயதுப் பெண்மணி ஒருவர் உள்ளே நின்றால் 'கரீஞோ', 'குவாப்பா', 'குவாப்போ' என்று சேர்த்துக் கேட்கக்கூடும். நம் பாட்டிகள் 'கண்ணு', 'தங்கம்' என்பதைப் போன்றதுதான். அதைத் திருப்பிச் சொல்ல முயல வேண்டாம்.

இப்போது நீங்கள் சொல்ல வேண்டியது:

'மே போனெஸ் உன் கஃபே கோன் லேச்செ?'

டீக்கடையில் 'அண்ணே, ஒரு டீ போடுங்க' என்கிறோமே, ஸ்பானிஷ்காரர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதேதான். அவர்களும் காபியைப் 'போட'த்தான் சொல்கிறார்கள். ஒரே வித்தியாசம், அவர்கள் அதைக் கேள்வியாக்குவார்கள்: 'எனக்கு ஒரு காபி போடுறீங்களா?' மரியாதை அந்தக் கேள்வித் தொனியில் இருக்கிறது. கடைசியில் குரலை ஏற்றுங்கள். ஏற்றாமல் தட்டையாகச் சொன்னால் 'நீ எனக்குக் காபி போடுற' என்று அறிக்கை விடுவது போல ஆகிவிடும்.

'போன்மே உன் கஃபே' என்று ஏவலாகச் சொல்வதையும் கேட்பீர்கள். உள்ளூர்க்காரர்கள் தினமும் சொல்வது, சிரித்த முகத்தோடு சொன்னால் தவறே இல்லை. ஆனாலும் புதிதாகப் போகிறவர்கள் கேள்வி வடிவத்திலேயே இருப்பது நல்லது. ஏவலை மென்மையாக்குவது குரலும் முகமும். அது பழகக் கொஞ்ச நாள் ஆகும்.

உட்கார்ந்திருக்கும் மேசைக்கு வந்து கேட்கிறார் என்றால் 'மே த்ராயெஸ்...?' (கொண்டு வர்றீங்களா?) பொருத்தம். கொஞ்சம் நயமான உணவகத்தில் 'கெரீயா உன் பிளான்க்கோ' (ஒரு வெள்ளை வைன் கேட்கலாம்னு இருந்தேன்) என்று இறந்தகாலத்தில் சொல்வார்கள். நாமும் 'ஒரு விஷயம் கேட்கணும்னு வந்தேன்' என்று இழுப்போமே, அதே நாசூக்கு.

பாடப் புத்தகங்கள் எல்லாம் 'கிசியேரா' என்ற வடிவத்தைச் சொல்லித் தரும். சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் ஒரு தெருமுனைப் பாரில் 'தாங்கள் ஒரு காபி தந்தருள வேண்டுகிறேன்' என்பது போல விறைப்பாக இருக்கும். 'கியேரோ உன் கஃபே' என்பது எதிர்த்திசை: 'எனக்குக் காபி வேணும்' என்று பிள்ளை அடம்பிடிப்பது போல. முழுக்கத் தவிர்க்க வேண்டியது 'புவேதோ தெனேர் உன் கஃபே?' ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றியது. 'என்னால் ஒரு காபியை வைத்திருக்க இயலுமா' என்கிற மாதிரி கேட்கும்.

இவ்வளவும் நினைவில் நிற்காது என்றால் பானத்தின் பெயரோடு ஒரு 'போர் ஃபவோர்' போதும்: 'உன் கொர்த்தாதோ, போர் ஃபவோர்.' ஒரு முறை கேட்பதற்கு ஒரு 'போர் ஃபவோர்'. நான்கு பேருக்குச் சேர்த்துக் கேட்டாலும் கடைசியில் ஒன்றே போதும்.

அடுத்து, நீயா நீங்களா என்ற கேள்வி. இங்கேதான் தமிழர்கள் தயங்குவார்கள். ஸ்பானிஷில் 'தூ' நீ, 'உஸ்தெத்' நீங்கள். தெரியாதவரை நீ என்பதா என்று நம் வளர்ப்பு தடுக்கும். ஆனால் இன்றைய ஸ்பெயினில் 'தூ' தான் பொதுவழக்கு. இருபது வயதுப் பையனை 'உஸ்தெத்' என்று கூப்பிட்டால் மரியாதையாக எடுத்துக்கொள்வதைவிட, ஏதோ தள்ளி நிறுத்துகிறீர்கள் என்றுதான் நினைப்பான். வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பட்டியுமாகப் பழைய காலத்துக் காபி இல்லத்தில் நிற்கும் பெரியவரிடம் மட்டும் 'உஸ்தெத்' வடிவத்துக்குப் போங்கள்: 'பெர்தோனே', 'குவாந்தோ புவேதா', 'மே போனே உன் கஃபே?' மூன்றிலும் கடைசி ஒலிதான் மாறுகிறது. சந்தேகம் வந்தால் அவர் உங்களை எப்படி அழைக்கிறாரோ அப்படியே திருப்புங்கள்.

நான்காம் படி: எதைக் கேட்பது

வெறும் 'உன் கஃபே' என்றால் மறுகேள்வி வரும், அல்லது ஒரு மடக்குக் கறுப்புக் காபி வந்து நிற்கும். பெயரோடு கேளுங்கள். 'கஃபே சோலோ' என்பது பால் இல்லாத சின்னக் கோப்பை. அதில் சொட்டுப் பால் விட்டால் 'கொர்த்தாதோ'. பாதிக்குப் பாதி பால் என்றால் 'கஃபே கோன் லேச்செ'. பெரும்பாலும் பால், பேருக்குக் காபி என்றால் 'மன்ச்சாதோ' அல்லது 'லேச்செ மன்ச்சாதா'. காஃபீன் வேண்டாதவர்களுக்கு 'தெஸ்கஃபெய்னாதோ'. மெஷினில் போட்டதா, பொட்டலத்தைக் கரைத்ததா என்று கேட்பார்கள். 'தே மாக்கினா' என்று சொல்லிவிடுங்கள், பொட்டலம் ('தே சோப்ரே') சுமார்தான்.

சர்க்கரை எப்போதும் தனியாகத்தான் வரும். 'சர்க்கரை கம்மி' என்பதை எப்படிச் சொல்வது என்று மண்டையைக் குடைய வேண்டியதில்லை. பாலின் சூட்டை மட்டும் கேட்பார்கள்: 'கலியென்த்தே' சூடு, 'தெம்ப்ப்ளாதா' வெதுவெதுப்பு, 'ஃப்ரீயா' குளிர்ச்சி. ஃபில்டர் காபி குடித்துப் பழகியவர்களுக்கு என் பரிந்துரை: 'கஃபே கோன் லேச்செ, லார்கோ தே கஃபே, கோன் லா லேச்செ முய் கலியென்த்தே.' டிகாக்‌ஷன் தூக்கலாக, பால் கொதிக்கக் கொதிக்க. டம்ளர் டபராவை எதிர்பார்க்காதீர்கள். சில பார்களில் காபி சற்றே கருகிக் கசக்கும். கொட்டையைச் சர்க்கரையோடு வறுக்கும் 'தொர்ரெஃபாக்த்தோ' என்ற பழைய முறைதான் காரணம். நம்மவர்கள் சிக்கரிக்குப் பழகியதுபோல அவர்கள் அதற்குப் பழகியிருக்கிறார்கள்.

கோடையில் 'கஃபே கோன் இயேலோ' கேட்டால் காபி ஒரு கோப்பையிலும் பனிக்கட்டி ஒரு கண்ணாடிக் குவளையிலுமாக இரண்டும் தனித்தனியாக வரும். சர்க்கரையைச் சூடான காபியில் கரைத்துவிட்டு அதன்பின் பனிக்கட்டி மேல் ஊற்ற வேண்டும். சிந்தாமல் ஊற்றுவது தனிக் கலை.

ஊருக்கு ஊர் காபிப் பெயர் மாறும். வலென்சியா பக்கம் சுண்டிய இனிப்புப் பாலில் போட்ட 'போம்போன்' கேட்கலாம். மில்க்மெய்ட் பிரியர்கள் தவற விடக்கூடாது. கனாரித் தீவுகளில் 'பர்ராக்கீத்தோ' என்று அடுக்கடுக்காக ஒன்று தருவார்கள். அதில் பொதுவாக மதுவும் சேரும், வேண்டாதவர்கள் 'சின் லிகோர்' என்று சொல்ல வேண்டும். 'கராஹீயோ' என்ற பெயரைப் பார்த்தால் அதிலும் பிராந்தியோ ரம்மோ இருக்கும்.

இந்த விஷயத்தில் மாலகா நகரத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. அங்கே காபிக்கும் பாலுக்கும் இடையிலான விகிதத்துக்கு ஒன்பது பெயர்கள்: சோலோ, லார்கோ, செமிலார்கோ, சோலோ கொர்த்தோ, மித்தாத், என்த்ரே கொர்த்தோ, கொர்த்தோ, சோம்ப்ரா, நூபே. சோம்ப்ரா நிழல், நூபே மேகம். காபியின் நிழல் படிந்த பால், மேகம் போல வெளுத்த பால். நகரின் அரசியலமைப்புச் சதுக்கத்தில் இருந்த கஃபே சென்த்ரால் என்ற கடை, இந்தக் குவளைகளை ஓடுகளில் வரைந்து சுவரில் பதித்திருந்தது. பத்தாவது படத்தில் குவளை காலி. அதன் பெயர் 'நோ மே லோ போங்கா', அதாவது 'எனக்குப் போடாதீங்க'. கடை 2022-இல் மூடப்பட்டாலும் பெயர்கள் ஊரில் அப்படியே இருக்கின்றன. மாலகாவில் 'உன் மித்தாத்' என்று கேட்டுப் பாருங்கள், கேட்ட இடத்திலேயே உங்கள் மதிப்பு ஏறும். மத்ரிதில் அதையே கேட்டால் 'எதில் பாதி?' என்பார்கள்.

டீ விரும்பிகளுக்கு நல்ல செய்தி இல்லை. வெந்நீரும் பையும்தான் வரும். 'தே கோன் லேச்செ' என்று முன்கூட்டியே சொன்னால் பாலாவது கிடைக்கும்.

மது வேண்டாதவர்கள் 'கே தியேனெஸ் சின் அல்கோல்?' (மது இல்லாம என்ன இருக்கு?) என்று கேட்கலாம், விளக்கம் எதுவும் தர வேண்டியதில்லை. 'சூமோ தே நரான்ஹா நத்துரால்' என்றால் கண்முன்னே பிழிந்த ஆரஞ்சுச் சாறு. எல்லோரும் வைன் குடிக்கும் கூட்டத்தில் நீங்களும் கையில் ஒரு கோப்பை வைத்திருக்க விரும்பினால் 'மோஸ்த்தோ' கேளுங்கள். புளிக்காத திராட்சைச் சாறு. ஒரே எச்சரிக்கை: செவீயாவை ஒட்டிய அல்ஹராஃபே கிராமங்களில் மோஸ்த்தோ என்பது அந்த ஆண்டின் புது வைன். வலென்சியாவில் 'ஓர்ச்சாத்தா' குடிக்காமல் திரும்பக் கூடாது. கோரைக் குடும்பத்தைச் சேர்ந்த 'சூஃபா' என்ற சிறு கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால் அது. பக்கத்து ஊரான அல்போராயா இதற்குப் பேர் போனது. 'ஃபார்த்தோன்ஸ்' என்ற நீளமான இனிப்பு ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடுவார்கள்.

இன்னொரு பொறி 'மன்சனீயா'. சீமைச் சாமந்திப்பூத் தேநீருக்கும் அதே பெயர், கடலோர சான்லூக்கர் தே பர்ராமேதாவில் உருவாகும் வெள்ளை ஷெர்ரி வைனுக்கும் அதே பெயர். தெற்கே போனால் 'உனா இன்ஃபூசியோன் தே மன்சனீயா' என்று முழுசாகச் சொல்லுங்கள். வயிற்றுவலிக்கு வைன் வந்துவிடப் போகிறது.

தண்ணீர் கேட்டால் பாட்டில் தண்ணீரைத்தான் எடுக்கப் போவார்கள்: 'கோன் காஸ்' சோடா, 'சின் காஸ்' சாதா, 'தெல் தியெம்ப்போ' குளிர்விக்காதது. குழாய்த் தண்ணீர் போதும் என்றால் 'உன் பாசோ தே ஆகுவா தெல் கிரீஃபோ'. உணவகங்களும் பார்களும் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர முன்வர வேண்டும் என்று 2022 ஏப்ரலில் வந்த 7/2022 எண் கழிவுச் சட்டம் சொல்கிறது. பிளாஸ்டிக் பாட்டிலைக் குறைக்கத்தான். ஆகையால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வேறு எதுவும் வாங்காமல் அதை மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் நாகரிகமில்லை.

பீர் குடிப்பவர்கள் 'உனா செர்வேசா' என்று கேட்டால் கிடைக்கும், ஆனால் அளவைச் சொல்லிக் கேட்பதே வழக்கம். 'காஞா' என்பது குழாயில் பிடித்த சின்னக் குவளை, பொதுவாக 200 மில்லி அளவில். வெயிலில் சூடேறும் முன் குடித்து முடிக்கத்தான் அந்தச் சின்ன அளவு. அதைவிடப் பெரியது மத்ரிதில் 'தோப்ளே'. பாட்டிலில் 'கின்த்தோ' 200 மில்லி, 'தெர்சியோ' 330 மில்லி. லிட்டரில் ஐந்திலொன்று, மூன்றிலொன்று என்ற கணக்கு. பார்சலோனாவில் தெர்சியோவுக்கு 'மெதியானா' என்று பெயர். பாஸ்க் பகுதியில் காஞாவைவிடச் சின்னதாக 'சுரீத்தோ' உண்டு. எலுமிச்சைச் சோடா கலந்தது 'கிளாரா கோன் லிமோன்'. ஆல்கஹால் இல்லாத பீர் எல்லாப் பாரிலும் இருக்கும்: 'உனா சின்.'

வைனில் நிறத்தைச் சொன்னால் போதும்: 'உன் தின்த்தோ', 'உன் பிளான்க்கோ'. விளையும் பகுதியின் பெயரைச் சொல்லி 'உன் ரியோஹா', 'உன் ரிபேரா' என்று கேட்பது இன்னும் இயல்பு. கோடையில் உள்ளூர்க்காரர்கள் கேட்பது 'தின்த்தோ தே வெரானோ', சிவப்பு வைனும் சோடாவும். பழத்துண்டுகள் போட்ட வைன் பானமான சாங்ரியாவைப் பெரும்பாலும் சுற்றுலாக்காரர்களுக்கே விட்டுவிடுகிறார்கள். ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு முன் 'பெர்முத்', மூலிகை வாசம் ஏற்றிய வைன். சட்டப்படி மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

இன்னொன்று வேண்டுமானால் 'ஓத்ரா, குவாந்தோ புவேதாஸ்'. காபி போன்ற ஆண்பாற் சொல்லுக்கு 'ஓத்ரோ'. எல்லோருக்கும் அதேதான் என்றால் 'லோ மீஸ்மோ'.

ஐந்தாம் படி: கேட்காமல் வரும் தட்டு

கிரனாதா, ஹயேன், அல்மெரீயா, லியோன் பக்கம் மதுவோ குளிர்பானமோ வாங்கினால் ஒரு 'தாப்பா' (சின்னத் தட்டில் கொஞ்சம் தீனி) இலவசமாகக் கூடவே வரும். பார்சலோனாவில் எதிர்பார்க்க முடியாது. பாஸ்க் பகுதியில் பார்ரா மேல் அடுக்கியிருக்கும் பின்ச்சோக்கள் (பெரும்பாலும் ரொட்டித் துண்டின் மேல் வைத்த சின்னத் தீனிகள்) இலவசம் இல்லை, எடுத்ததற்கெல்லாம் காசு உண்டு. சைவர்கள் பானம் கேட்கும்போதே 'சோய் வெஹெத்தாரியானோ' (பெண்கள் 'வெஹெத்தாரியானா') என்று சொல்லிவிடுவது நல்லது. 'கறி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் சூரை மீன் வரக்கூடும். அதனால் 'நி கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன்' (கறியும் வேண்டாம், மீனும் வேண்டாம், ஹமோனும் வேண்டாம்) என்று மூன்றையும் பட்டியல் போட்டுவிடுங்கள். ஹமோன் என்பது உப்பிட்டுக் காயவைத்த பன்றித்தொடை. அதை இறைச்சிக் கணக்கிலேயே சேர்க்காதவர்கள் உண்டு.

ஆறாம் படி: காசும் கிளம்பலும்

பெரும்பாலான பார்களில் கடைசியில்தான் காசு. அவராகவே பில் கொண்டு வந்து வைக்க மாட்டார். வைத்தால் கிளம்பச் சொல்வது போலாகும் என்பது அவர் நினைப்பு. நீங்கள்தான் கேட்க வேண்டும். பார்ராவில் 'மே கோப்ராஸ்?' (காசு எடுத்துக்கிறீங்களா?), நட்பான கடையில் 'கே தே தேவோ?' (எவ்வளவு தரணும்?), மேசையில் 'லா குவென்த்தா, குவாந்தோ புவேதாஸ்' (பில், உங்களுக்கு முடியும்போது). காற்றில் எழுதிக் காட்டும் சைகை எல்லோருக்கும் புரியும், ஆனால் கடை காலியாக இருக்கும்போது வாயால் கேட்பதே மேல். வெளியே 'தெர்ராசா'வில் உட்கார்ந்தால் பல இடங்களில் விலை கொஞ்சம் கூடும், விலைப்பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களோடு போனால் தலைக்கு இவ்வளவு என்று பாரிலேயே பிரித்துக் கணக்குப் பார்ப்பதை அவ்வளவாக விரும்ப மாட்டார்கள். ஒருவர் 'இன்வீத்தோ யோ' என்று கொடுத்துவிடுவார், அடுத்த சுற்று அடுத்தவர். உங்கள் முறை வரும்போது கழிவறைப் பக்கம் ஒதுங்கினால் ஊரே கவனிக்கும்.

டிப்ஸ் கட்டாயமில்லை. மீதிச் சில்லறையில் இரண்டொரு நாணயத்தைத் தட்டிலேயே விட்டுவிடுவது போதும்.

கடைசியாக, வெளியே போகும்போது 'கிராசியாஸ், ஆஸ்த்தா லுவேகோ'. 'அப்புறம் பார்ப்போம்' என்று அர்த்தம். வாழ்நாளில் அந்தக் கடைக்குத் திரும்ப வரப் போவதில்லை என்றாலும் இதையேதான் சொல்ல வேண்டும். 'அதியோஸ்' பல இடங்களில் கொஞ்சம் முடிந்துபோன மாதிரி ஒலிக்கும்.

எல்லாம் சேர்ந்தால் இப்படி இருக்கும்:

— ஓலா, புவேனாஸ்.
— புவேனாஸ். தீமே.
— மே போனெஸ் உன் கொர்த்தாதோ இ உன் சூமோ தே நரான்ஹா?
— நத்துரால்?
— சீ, நத்துரால்.
— அல்கோ மாஸ்? (வேற ஏதாவது?)
— நாதா மாஸ், கிராசியாஸ். (வேற எதுவும் வேண்டாம், நன்றி.)

கொஞ்ச நேரம் கழித்து:

— பெர்தோனா, மே கோப்ராஸ், குவாந்தோ புவேதாஸ்?
— சின்க்கோ வெயின்த்தே. (ஐந்து யூரோ இருபது.)
— ஆக்கீ தியேனெஸ். (இந்தாங்க.) கிராசியாஸ், ஆஸ்த்தா லுவேகோ.
— அ தி. (நன்றி உங்களுக்குத்தான்.) ஆஸ்த்தா லுவேகோ.

கடல் தாண்டினால்

இதே ஸ்பானிஷை நம்பி லத்தீன் அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் சில இடங்களில் கியரை மாற்ற வேண்டும். கொலம்பியாவில் 'தின்த்தோ' என்றால் கறுப்புக் காபி. காலை ஏழு மணிக்கு எல்லோர் கையிலும் தின்த்தோ இருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். கேட்கும் வினையும் அங்கே வேறு: 'மே ரெகாலா உன் தின்த்தோ?' சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'பரிசாகத் தர்றீங்களா' என்று வரும், காசு கொடுக்கத்தான் வேண்டும். நீங்கள் என்ற மரியாதை வடிவமும் அங்கே அதிகம் புழங்கும், தமிழர்களுக்கு இது நிம்மதி. ஜூஸ் அங்கெல்லாம் 'சூமோ' இல்லை, 'ஹூகோ'. மெக்சிகோவில் ஓர்ச்சாத்தா கேட்டால் கோரைக்கிழங்குப் பால் வராது. அரிசியும் பட்டையும் ஊறிய இனிப்புப் பானம் வரும், அதுவும் அருமையாகவே இருக்கும். பரிமாறுபவரை அங்கே 'ஹோவென்' (இளைஞரே) என்று அழைப்பது இயல்பு, அவருக்கு ஐம்பது வயதானாலும்.

ஸ்பெயினில் தங்கியவர்கள் அங்கே ஒரு சொல்லை மட்டும் வாயில் கட்டிப்போட வேண்டும். 'கொஹேர்' என்பது ஸ்பெயினில் 'எடு, பிடி' என்ற அன்றாடச் சொல். நாற்காலியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கவும் அதுதான். மெக்சிகோவிலும் அர்ஹென்தீனாவிலும் அது படுக்கையறைக் கெட்ட வார்த்தை. அங்கே 'அகர்ரார்' அல்லது 'தொமார்' என்று சொல்லி நாற்காலியை இழுத்துக்கொள்ளுங்கள்.